நான்கு கியர் போதும் என்றார் அப்பா

2019 ஆகஸ்டு 6ஆம் தேதி மேம்படுத்தப்பட்ட புரோட்டோன் சாகா கார் மலேசியாவில் வெளியீடு கண்டது. அன்று மாலை எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் காரின் படத்துக்கு முன்பே விலைப்பட்டியல் வந்து சேர்ந்துவிட்டது. மூன்றே வரிதான். கையால் கியர் மாற்றும் அடிப்படை ரகம் 32,800 ரிங்கிட். அதிலேயே ஆட்டோ கியர் வேண்டுமென்றால் 35,800. பிரீமியம் ரகம் 39,800. பட்டர்வொர்த் மாமா உடனே, "எண்களைச் சரிபார்த்து அனுப்புங்கள், பழைய பிரீமியமே நாற்பத்தைந்துக்கு மேல் ஆயிற்றே" என்று எழுதினார். அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. இந்தத் தலைமுறைச் சாகா 2016 செப்டம்பரில் முதலில் வந்தபோது விலை 36,800இல் தொடங்கி 45,800 வரை போனது. மூன்று ஆண்டு கழித்து முகம் மாறி, உள்ளே கியர்பெட்டியே மாறி வந்த காருக்கு, மேல் ரகத்தில் ஆறாயிரம் ரிங்கிட் குறைந்திருந்தது.

கார் விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விலையைக் கடைசிப் பத்தியில் வைக்கிறார்கள். எங்கள் வீடுகளில் பேச்சே அங்கிருந்துதான் தொடங்கும். 39,800 ரிங்கிட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் கட்டினால் வங்கிக் கடன் 35,820. வட்டி 3.5 விழுக்காடு, தவணைக் காலம் ஒன்பது ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 436 ரிங்கிட். பழைய விலையான 45,800க்கு இதே கணக்கைப் போட்டால் 502 வரும். மாதத்துக்கு 66 ரிங்கிட் வித்தியாசம். ஓர் அடுக்குமாடி வீட்டின் மின்கட்டணத்தை அதில் கட்டிவிடலாம். அந்த ஆண்டு நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,100 ரிங்கிட்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் வேலைக்குப் போகும் குடும்பம் ஒன்று "வாங்கலாம்" என்று முடிவெடுப்பதும் "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதும் இந்த 66 ரிங்கிட்டில்தான் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் காரை மறுவடிவமைக்கும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அதை வாங்குகிறவர்களை மதித்திருக்கிறது என்றே நான் சொல்வேன். இந்தக் கார்மீது எனக்குப் பிடிப்பு வந்தது அதனால்தான்.

பினாங்குக்காரர்களுக்குச் சாகாவோடு இன்னொரு கணக்கும் உண்டு. முதல் சாகா 1985 ஜூலை 9ஆம் தேதி வெளிவந்தது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலமில் கட்டப்பட்ட பெட்டி வடிவக் கார் அது. அதே ஆண்டில்தான் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. அன்றைய பிரதமர் மகாதீர் ஒரு சிவப்புச் சாகாவை ஓட்டிக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்தார். அப்பா அந்தச் செய்தியை இன்றும் சொல்லுவார். நாட்டின் முதல் காரும் எங்கள் பாலமும் ஒரே வயது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. 1992இல் அந்தச் சாகா முகம் மாறி இஸ்வாரா ஆனது. 2008இல் புதிய வடிவம் வரும்வரை அடிப்படையில் அதே கார்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் நின்ற காரும் பழைய காராக வாங்கிய ஓர் இஸ்வாராதான். அப்பா அப்போது தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றும் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பாலத்துக்கு இக்கரையில் பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் ஏறும் பெண்களை இரவு வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, விடிகாலையில் திருப்பி அழைத்து வருவார். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் சக்கரத்தின் கீழ் எப்படித் தட்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்டவர் புதிய சாகாவைப் பார்க்கக் காட்சிக்கூடத்துக்குப் போனபோது நானும் பாட்டியும் கூடவே போனோம்.

தோற்றத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. முன்பக்கத்தில் நெசவு வரிபோல் பின்னிய கிரில், பிரீமியம் ரகத்தில் பகலிலும் எரியும் எல்.இ.டி. விளக்குகள், இரு நிற அலாய் சக்கரங்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் பெரிதாக எதுவும் மாறவில்லை. அழகாகவே இருந்தது. அங்கே வந்திருந்த குடும்பங்கள் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறக்கப் போய்விட்டன.

விற்பனையாளர் தம்பி நன்றாகத் தமிழ் பேசினார். "ஐயா, முன்னால் உட்காருங்கள். புதுத் திரையைக் காட்டுகிறேன்" என்றார். உயர் ரகத்தில் தொடுதிரை வந்திருந்தது, அதைக் காட்ட அவருக்கு ஆசை. அப்பா, "இருக்கட்டும் தம்பி. முதலில் எங்கள் அம்மாவைப் பின்னால் ஏற்றிப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

பாட்டிக்கு இரண்டு முட்டியிலும் வலி. உயரமான காரில் ஏற வேண்டுமென்றால் ஒரு காலைத் தூக்கி வைத்து, மேலே எம்பி, கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டும். தரையோடு படுத்த காரில் உட்காருவது எளிது, எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். சாகாவின் பின்னிருக்கை பாட்டியின் இடுப்புக்குச் சரியாக நின்றது. முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார், பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார். யாரும் கைகொடுக்கவில்லை. "கூரை தலையில் இடிக்கவில்லை" என்றார். அப்பா வெளியே நின்று பாட்டி இறங்குவதையும் ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகுதான் முன்பக்கம் போனார். செடான் என்ற வடிவம் நம் குடும்பங்களில் இன்னும் ஏன் நிற்கிறது என்று யாராவது கேட்டால், அந்த உயரத்தைத்தான் நான் காட்டுவேன். எஸ்.யு.வி. மோகம் எவ்வளவு வந்தாலும் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இருக்கையின் உயரம்தான் முதல் கேள்வி.

அகலத்தையும் சொல்ல வேண்டும். இந்த விலையில் சாகாவுக்கு நேர் போட்டி பெரோடுவா பெசா. 2016 ஜூலையில் வந்த அந்தக் கார், பெரோடுவாவின் முதல் செடான். அதன் பின்பெட்டி 508 லிட்டர், சாகாவுக்கு 420தான். ஒரு லிட்டர் எஞ்சின் ரகத்தை எடுத்தால் சாலை வரி ஆண்டுக்கு வெறும் 20 ரிங்கிட். 1.3 லிட்டர் சாகாவுக்கு 70. பெட்ரோலும் பெசாவுக்கு நிச்சயமாகக் குறைவு. தனியாக வேலைக்குப் போய்வருகிறவர் என்னிடம் கேட்டால் பெசாவைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் பெசாவின் அகலம் 1,620 மில்லிமீட்டர், சாகாவின் அகலம் 1,689. ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். பின்னிருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்து ஈப்போ வரை போய்ப் பார்த்தால் அந்த ஏழு சென்டிமீட்டரின் அருமை தெரியும். 2020 ஜனவரி முதல் குழந்தை இருக்கை கட்டாயம் என்று சட்டம் வந்தது. அண்ணன் மகளின் இருக்கையைச் சன்னலோரம் பொருத்திவிட்டு அதற்குப் பக்கத்தில் அண்ணியும் பாட்டியும் உட்கார்ந்தபோது, யாருடைய தோளும் யாருடைய தோளையும் நசுக்கவில்லை.

இனி கியர்பெட்டிக்கு வருகிறேன். இந்த மறுவடிவமைப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

2016 சாகாவில் ஆட்டோ என்றால் சி.வி.டி. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உலோகப் பட்டை. கப்பிகளின் பக்கங்கள் நெருங்கியும் விலகியும் பட்டை ஓடும் வட்டத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். அதனால் கியர்ப் படிகளே கிடையாது. எரிபொருள் மிச்சப்படுத்த அருமையான முறை. ஆனால் சிறிய எஞ்சினோடு அதைச் சேர்த்து, ஐந்து பேரை ஏற்றி, குளிர்சாதனமும் ஓட, ஒரு மேட்டில் விரைவாக மிதித்தால் எஞ்சின் சுற்று சட்டென்று ஏறி அங்கேயே நின்று ஓலமிடும். கார் அதற்குப் பின்னால் மெல்ல வேகம் பிடிக்கும். காலுக்கும் காதுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்ததுபோல் இருக்கும். அந்தச் சாகாவைப் பற்றி எழுதிய பலரும் இந்த இரைச்சலைக் குறிப்பிட்டார்கள்.

2019இல் அதை எடுத்துவிட்டு ஹூண்டாயின் நான்கு கியர் ஆட்டோவை வைத்தார்கள். முறுக்குவிசை மாற்றியும் பற்சக்கரத் தொகுதியும் உள்ள பழைய வகை. ஆறு கியர், ஏழு கியர் என்று உலகம் போய்க்கொண்டிருந்த காலம் அது. "பின்னோக்கிப் போய்விட்டார்கள்" என்று சிலர் சொன்னார்கள். அப்பா விற்பனையாளரிடம் கேட்ட முதல் தொழில்நுட்பக் கேள்வியே இதுதான்.

"கியர்பெட்டி எது தம்பி?"

"ஹூண்டாய் நான்கு கியர் ஐயா. சி.வி.டி. இல்லை. நான்குதானா என்று சிலர் யோசிக்கிறார்கள்."

"பற்சக்கரம்தானே? நான்கு போதும்."

பஸ் ஓட்டியவரின் கணக்கு வேறு. எத்தனை கியர் என்பதைவிட, மிதிக்கும்போது எந்தக் கியரில் இருக்கிறோம் என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும், எந்த ஊர்ப் பட்டறைக்காரரும் அதைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும், எண்ணெய் மாற்றிக்கொண்டே வந்தால் அது ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். நான்கு கியர் ஆட்டோ என்பது இந்த நாட்டின் பட்டறைகள் பல பத்தாண்டுகளாகப் பழகிய பொருள். ஒன்பது ஆண்டுக் கடனில் வாங்குகிற காருக்குப் பழகிய பொருள் என்பது சாதாரணத் தகுதி அல்ல. உத்தரவாதம் முடிந்த பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டுகளில் கியர்பெட்டி கெட்டால் மாதச் சம்பளமே போய்விடும். புதுமைக்காகப் புதுமை என்று நிற்காமல், தன் காரை வாங்குகிறவர் யார் என்று பார்த்து இந்த முடிவை எடுத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

எஞ்சின் அதே 1.3 லிட்டர்தான். 95 குதிரைத்திறன், 120 நியூட்டன் மீட்டர். எண்கள் மாறவில்லை, ஓட்டும் அனுபவம் மாறிவிட்டது. பினாங்குப் பாலத்தின் நடுவே, கப்பல் போகும் பகுதிக்காகச் சாலை மேலேறும் இடத்தில் காலை லேசாக அழுத்தினால் மூன்றாம் கியருக்கு இறங்கி, "ம்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஏறிவிடுகிறது. இறக்கத்தில் தானாக நான்குக்குப் போகிறது. நெடுஞ்சாலையில் கோலகங்சார் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் நீண்ட மேடுதான் சிறிய கார்களுக்கெல்லாம் சோதனை. லாரிகள் இடப்பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். நடுத்தடத்தில் ஐந்து பேரோடும் தீபாவளிப் பலகாரப் பெட்டிகளோடும் சாகா தன் வேகத்தை விடாமல் ஏறியது. இரைச்சல் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் இரைச்சலும் வேகமும் சேர்ந்தே ஏறின.

ஸ்டீயரிங்கையும் விட்டுவிட மனமில்லை. இந்த விலைக் கார்களெல்லாம் மின்சார ஸ்டீயரிங்குக்கு மாறிக்கொண்டிருந்தபோது சாகா எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கையே வைத்திருந்தது. நிறுத்துமிடத்தில் திருப்பக் கொஞ்சம் கனமாக இருக்கும். பாலிக் பூலாவுக்குப் போகும் மலைச்சாலை வளைவுகளில் அந்தக் கனம்தான் நம்பிக்கை தருகிறது. சக்கரம் எங்கே நிற்கிறது, சாலை ஈரமா, சரளையா என்று கைக்குத் தெரிகிறது. பள்ளம் மேடுகளில் கார் குலுங்காமல் அமர்ந்து போகும் விதமும் அதன் விலைக்கு மேலான தரம். புரோட்டோன் கார்களின் சஸ்பென்ஷனைப் பற்றி நாட்டில் எல்லோரும் சொல்வதுதான் இது. சாகாவின் பின்னிருக்கையில் பாட்டி தூங்கிவிடுவதைப் பார்த்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

உள்ளே இன்னொரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். குளிர்சாதனத்துக்குத் திருகுகிற குமிழ்கள். கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டே கையால் தடவித் திருகலாம். திரையில் விரலால் தேட வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற காரில் ஏறும் ஊர் இது. குளிர் எவ்வளவு சீக்கிரம் பின்னிருக்கையை எட்டுகிறது என்பதில் காரின் மானமே இருக்கிறது. சாகா அதில் தேறிவிட்டது.

இவ்வளவு சொன்னவள், மனம் ஆறாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கார் வழுக்கும்போது தனித்தனிச் சக்கரத்தைப் பிடித்து நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, அதாவது இ.எஸ்.சி., 2019 சாகாவில் பிரீமியம் ரகத்துக்கு மட்டுமே. அடிப்படை ஆட்டோவுக்கும் பிரீமியத்துக்கும் விலை வித்தியாசம் நான்காயிரம் ரிங்கிட். திரையும் அலாய் சக்கரமும் அந்த நான்காயிரத்தில் இருக்கட்டும், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் உயிரைக் காக்கும் ஒன்றை ஏன் அந்தப் படியில் ஏற்றி வைக்க வேண்டும்? 35,800க்கு மேல் ஒரு வெள்ளி கூடப் புரட்ட முடியாதவரும் அதே நெடுஞ்சாலையில், அதே நவம்பர் மழையில், அதே லாரிகளுக்கு நடுவேதான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார். காற்றுப்பைகளும் எல்லா ரகத்திலும் முன்னால் இரண்டுதான். மக்கள் கார் என்ற பெயரைச் சுமக்கும் ஒரு கார் இந்த இடத்தில் இன்னும் பெரிய மனதோடு இருந்திருக்க வேண்டும். அண்ணன் அடிப்படை ரகம் போதும் என்றபோது நாங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசி, நகைச் சீட்டுப் பணத்தை எடுத்துப் பிரீமியத்துக்குப் போனதற்கு ஒரே காரணம் இதுதான். எல்லா வீட்டிலும் எடுக்கச் சீட்டுப் பணம் இருக்காது.

கார் வந்த அன்று நேராகப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். குருக்கள் பொனட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை வைக்கச் சொன்னார். அப்பா ஏறி உட்கார்ந்து ஒரே சீராக நகர்த்தினார். நான்கும் ஒன்றாக நசுங்கின. கிளட்ச் இல்லாத காரில் அவ்வளவு மெதுவாக நகர்த்த முடிகிறதே என்று அம்மாவுக்கு ஆச்சரியம், இஸ்வாராவின் பூசையில் கார் குதித்ததை அவர் மறக்கவில்லை. பிறகு அம்மாவின் விருப்பப்படி பழைய ஃபெரியில் காரை ஏற்றித் தீவுக்குப் போனோம். 2020 கடைசியோடு ஃபெரியில் கார் ஏற்றுவது நின்றுபோனது. கடலைப் பார்த்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து தீவுக்குப் போகும் அந்தச் சுகம் இந்தச் சாகாவுக்குக் கொஞ்ச காலமே கிடைத்தது.

அந்த 420 லிட்டர் பின்பெட்டி சுமந்ததைச் சொன்னால் பட்டியல் நீளும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போது பால்குடங்களும் மாற்றுத்துணிப் பைகளும் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளும். சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வரிசைத் தட்டுகள். பிறகு பாட்டியின் மடக்கு நாற்காலி வண்டி. அதைக் குறுக்கே படுக்கவைத்தால் மூடி சரியாக மூடிக்கொள்ளும். பின்பெட்டி தனியாகப் பூட்டி இருப்பதால் மீனும் கருவாடும் வாங்கி வந்தாலும் வாசம் உள்ளே வராது. அம்மாவுக்குச் செடான் பிடிக்க இது ஒன்றே போதும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வேலை போன அண்ணன் சில மாதங்கள் இதே காரில் கிராப் செயலி வழியாக வாடகைக்கு ஓட்டினான். நாள் முழுக்க ஊருக்குள் நின்று நின்று ஓடும்போது பெட்ரோல் செலவில் நான்கு கியர் தன் குணத்தைக் காட்டியது. பெசா ஓட்டிய நண்பர்கள் அவனைவிடக் குறைவாகவே நிரப்பினார்கள். ஆனால் கியர்பெட்டி ஒருநாளும் அவனை வழியில் நிறுத்தவில்லை. அந்த ஜூன் மாதம் அரசு உள்நாட்டில் பொருத்தப்பட்ட கார்களுக்கு விற்பனை வரியை முழுமையாகத் தள்ளுபடி செய்தபோது சாகாவின் விலை இன்னும் இறங்கியது. எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் அடுத்தடுத்துச் சாகாக்களும் பெசாக்களும் வந்து நின்றன.

2025 நவம்பரில் அடுத்த மறுவடிவமைப்பு வந்துவிட்டது. இந்த முறை 1.3 போய் 1.5 லிட்டர் எஞ்சின். என் தம்பிக்கு இப்போது வேலை நிரந்தரம் ஆகியிருக்கிறது, அவன் அதைத்தான் பார்க்கிறான். படங்களை அப்பாவிடம் காட்டினான். அப்பா கிரில்லையும் விளக்கையும் நகர்த்திவிட்டு, "பின்கதவைத் திறந்து எடுத்த படம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "படத்தில் உயரம் தெரியவில்லை. சனிக்கிழமை நேரில் போவோம், பாட்டியையும் கிளம்பச் சொல்" என்றார்.